ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டுமா? முதலில் உங்கள் உடம்பில் தேடுங்கள்!

அறுவை சிகிச்சை என்றதும் டோனரைத் தேடி ஓடுவதுதான் நமக்குப் பழகிய வழி. அந்த ஓட்டத்தைப் பெருமளவு குறைக்கலாம், அதனால் உயிர்களும் கூடுதலாகப் பிழைக்கும் என்று உலகின் பல மருத்துவமனைகள் செய்து காட்டிவிட்டன. நாம் எப்போது தொடங்கப்போகிறோம்?

மாலை ஆறு மணி. அரசு மருத்துவமனை ஒன்றின் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு. மறுநாள் காலை கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக அட்மிட் ஆகியிருக்கும் அம்மாவுக்கு மகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி வந்த நர்ஸ், கட்டில் பக்கத்தில் நிற்கும் பையனைக் கூப்பிடுகிறார்.

“தம்பி, அம்மாவுக்கு ஹெச்.பி. 7.8தான் இருக்கு. ரெண்டு யூனிட் ஏத்தணும். பிளட் பேங்குக்கு டோனரைக் கூட்டிட்டுப் போயிடுங்க. ரத்தம் ரெடியா இல்லேன்னா காலையில தியேட்டருக்கு எடுக்க மாட்டாங்க.”

சீட்டை வாங்கிக்கொண்டு பையன் படியிறங்குகிறான். முதல் போன் மாமாவுக்கு. அவர் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், கொடுக்க முடியாது. சித்தப்பா போன மாதம்தான் வேறொருவருக்குக் கொடுத்தார். கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அக்காவே கிளம்புகிறாள். பிளட் பேங்கில் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் அவளுக்கு ஹீமோகுளோபின் 10.2. “நீங்க முதல்ல உடம்பைத் தேத்துங்கம்மா” என்று திருப்பி அனுப்புகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குள் ‘அவசரம்! பி பாசிட்டிவ் தேவை’ என்ற செய்தி நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிடுகிறது.

ஊரும் பேரும் மாறும், காட்சி மாறுவதில்லை. மருத்துவமனை வாசலை ஒருமுறையாவது மிதித்த குடும்பங்களுக்கு இந்த இரவு தெரியும்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். இப்படி வருகிற பெண்களில் பலருக்கும் வருடக்கணக்காக அதிக ரத்தப்போக்கு இருந்திருக்கும். ஸ்கேன் எடுத்து ஃபைப்ராய்டு கட்டி என்று சொல்லி வாரங்கள் ஆகியிருக்கும். ஆபரேஷன் தேதியும் முன்னதாகவே குறித்திருப்பார்கள். அத்தனை நாளில் ஹீமோகுளோபினைப் பார்த்து, இரும்புச்சத்தை ஏற்றி, ரத்தப்போக்கை மருந்தால் அடக்கியிருந்தால், அந்த இரண்டு யூனிட் தேவைப்படாமலே போயிருக்கலாம். கடைசி இரவில் ஊரெல்லாம் தேடும் ரத்தத்தை, அந்த அம்மாவின் எலும்பு மஜ்ஜையே தயாரித்துக் கொடுத்திருக்கும்.

இந்தச் சிந்தனைக்கு மருத்துவ உலகம் ‘பேஷண்ட் பிளட் மேனேஜ்மென்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறது. நோயாளியின் சொந்த ரத்தத்தைப் பெருக்குவது, இழக்காமல் காப்பது, குறைந்த அளவைத் தாங்கும் உடலின் திறனுக்கு மதிப்புக் கொடுப்பது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதைத் தன் தீர்மானத்தில் சேர்த்தது. 2021-ல் ‘இனியும் தள்ளிப்போடக் கூடாது’ என்கிற தொனியில் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2025-ல் நடைமுறைப்படுத்துவதற்கான வழிகாட்டியையும் கொடுத்துவிட்டது.

‘பத்துக்குக் கீழே போனால் ஏற்று!’

அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 8 முதல் 10 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தம் ஏற்றுவது நல்லது என்று 1942-ல் எழுதினார்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்ற இரு மருத்துவர்கள். இன்றுபோல் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் சோதிக்கும் ஆய்வுகள் அப்போது கிடையாது. அனுபவத்தில் சொன்ன ஒரு குறிப்பு, பாடமாகி, விதியாகி, அரை நூற்றாண்டு காலம் உலகெங்கும் ஆட்சி செய்தது.

அந்த விதியை முதலில் அசைத்தவர்கள் நோயாளிகள்தான். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மத நம்பிக்கையின் காரணமாக 1945 முதல் ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. ‘ரத்தம் இல்லாமல் இதயத்தைத் திறக்கவே முடியாது’ என்று பலர் கைவிரித்தபோது, ஹூஸ்டனின் புகழ்பெற்ற இதய அறுவை நிபுணர் டென்டன் கூலி 1960-களில் அவர்களுக்குக் கத்தியைக் கையில் எடுத்தார். 1977-ல் அவரது குழு வெளியிட்ட கணக்கில் இருந்தவர்கள் 542 பேர். பிறந்து ஒரு நாளான குழந்தை முதல் 89 வயது முதியவர் வரை அதில் உண்டு. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் 9.4 சதவிகிதம். அவர்களில் ரத்த இழப்பே நேரடிக் காரணமாக இருந்தது மூன்று பேருக்கு மட்டும்.

அடுத்த அடி கனடாவிலிருந்து விழுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 838 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்கியதும் ரத்தம். இன்னொரு பிரிவுக்கு 7-க்குக் கீழே போனால் மட்டும். 1999-ல் முடிவு வந்தது. தாராளமாக ஏற்றப்பட்டவர்களில் முப்பது நாட்களுக்குள் 23.3 சதவிகிதம் பேர் இறந்தார்கள். கட்டுப்பாடாக ஏற்றப்பட்டவர்களில் 18.7 சதவிகிதம். இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் எச்சரித்தது உண்மை. ஆனால், ‘கூடுதலாக ஏற்றினால் கூடுதல் நன்மை’ என்ற நம்பிக்கைக்கு அந்த எண்களில் எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

பிறகு, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்கள் 2,016 பேரிடம் (2011), இதய அறுவை செய்துகொண்ட சுமார் 5,000 பேரிடம் (2017) இதே கேள்வி சோதிக்கப்பட்டது. குறைவாக ஏற்றியதால் யாரும் கூடுதல் பாதிப்புக்கு ஆளாகவில்லை. இன்று உலகின் பெரும்பாலான வழிகாட்டு நெறிகள், நிலையாக இருக்கும் நோயாளிக்கு 7 கிராமையும், எலும்பு அறுவையிலும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 8 கிராமையும் ஒட்டித்தான் ரத்தம் பற்றி யோசிக்கச் சொல்கின்றன.

உடல் எப்படிச் சமாளிக்கிறது? ரத்தம் சுமந்து போகும் ஆக்ஸிஜனில் ஓய்வு நேரத்தில் திசுக்கள் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ கால் பங்குதான். ஹீமோகுளோபின் குறைந்தால் திசுக்கள் கூடுதல் பங்கை எடுக்கின்றன. இதயமும் நிமிடத்துக்குக் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது.

பெட்டிச் செய்தி: ஒரு யூனிட் ரத்தம்

• தானம் கொடுப்பவரிடம் எடுப்பது 350 அல்லது 450 மி.லி.
• கொடுப்பவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும்.
• ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம்.
• எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள், சிஃபிலிஸ், மலேரியா என ஐந்து பரிசோதனைகள் இந்தியாவில் கட்டாயம்.
• சிவப்பணுக்கள் குளிர்பதனத்தில் 35 முதல் 42 நாட்கள் தாங்கும். தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள்.
• ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் உயரும்.

ஒரே ஆபரேஷன், இரண்டு பெண்கள்

ஹீமோகுளோபினை முன்கூட்டியே ஏற்றுவதில் அப்படி என்ன லாபம்? மயக்க மருந்து நிபுணர்கள் ஆபரேஷனுக்கு முன் போடும் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் சுமார் மூன்றேகால் லிட்டர் ரத்தம் இருக்கும். அவருக்கு ஹீமோகுளோபின் 13 என்று வைத்துக்கொள்வோம். போகிற ரத்தத்துக்கு ஈடாக டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே வந்தால், ஹீமோகுளோபின் 7-ஐத் தொடுவதற்குள் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தத்தை அவர் இழக்கலாம். அதே எடையுள்ள இன்னொரு பெண் 8 கிராமோடு தியேட்டருக்குள் போகிறார். அவருக்கு 400 மி.லி. போனாலே எல்லை வந்துவிடும்.

இப்போது இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே ஆபரேஷன், ஒரே அளவு ரத்த இழப்பு, 700 மி.லி. என்று வையுங்கள். முதல் பெண் ஒரு பாட்டில் ரத்தமும் இல்லாமல் வீடு திரும்புவார். இரண்டாமவருக்கு ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். இருவருக்குமான வித்தியாசம் தியேட்டருக்குள் உருவானதல்ல. அதற்கு முந்தைய வாரங்களில் உருவானது.

ரத்தம் ஏற்றிச் சரிக்கட்டினால் போதாதா? போதாது. அறுவைக்கு முன் ரத்தசோகை இருப்பதே தனியான ஆபத்து. இதயம் அல்லாத பெரிய ஆபரேஷன்களுக்குப் போன 2,27,425 பேரின் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2011-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அவர்களில் சுமார் 30 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. லேசான ரத்தசோகை இருந்தவர்களிடம்கூட முப்பது நாள் இறப்பும் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன.

ஏற்றும் ரத்தத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ரத்தமும் ஓர் உறுப்பு. ஏற்றுவது ஒரு சிறிய உறுப்பு மாற்றம். வேகமாகவோ அதிகமாகவோ ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறும். முதியவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம். நுரையீரலைத் தாக்கும் ஒவ்வாமை, வகை மாறி ஏற்றிவிடும் மனிதத் தவறு, அரிதாகத் தொற்று என்று பட்டியல் நீளும். தொற்று நுழைந்து பரிசோதனையில் தெரிவதற்கு இடைப்பட்ட சில நாட்களை எந்தச் சோதனையும் முழுமையாக மூடிவிடாது. 2018-ன் இறுதியில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. பரவியபோது தமிழ்நாடே அதிர்ந்தது. அது பரிசோதனை நடைமுறை சறுக்கியதால் நடந்த கொடுமை. அதற்குப் பிறகு கெடுபிடிகள் கூடின. ஆனால், ஏற்றாத ரத்தத்தால் யாருக்கும் எதுவும் வராது என்ற எளிய உண்மையை அன்று யாரும் பேசவில்லை.

தேதி குறிக்கும் நாளே முதல் நாள்

ஆபரேஷன் தேவைப்படும் பல நோய்களே ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருப்பவை. ஃபைப்ராய்டு கட்டி மாதாமாதம் ரத்தத்தை வெளியேற்றுகிறது. மூலம் சொட்டுச் சொட்டாகக் கரைக்கிறது. பெருங்குடல் புற்றுநோய் கண்ணுக்கே தெரியாமல் கசியவிடுகிறது. மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு வரும் பாட்டி, வலி மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கி, இரைப்பைப் புண்ணால் ரத்தம் இழந்திருப்பார். ‘ஹெச்.பி. கம்மி’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல் ஏன் கம்மி என்று கேட்டால்தான் சிகிச்சை தொடங்கும்.

இதற்குப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். சாதாரண ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தேவைப்பட்டால் பி12, ஃபோலிக் அமிலம் அளவு. இவ்வளவுதான். இரண்டு மாதம் அவகாசம் இருந்தால் மாத்திரையே போதும். அதை டீ, காபியோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாறு போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு எடுத்துக்கொண்டால் நன்றாக உட்கிரகிக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, இருப்பது மூன்று நான்கு வாரம்தான் என்றாலோ நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து ஊசி. கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் ஊசி போடுவது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பழக்கமான வேலை. அதே கை, அதே மருந்து, அறுவைக்குக் காத்திருப்பவரையும் எட்ட வேண்டும்.

அவகாசமே இல்லையென்றால்? சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், ரத்தசோகையோ இரும்புச்சத்துக் குறைபாடோ இருந்த 505 இதய அறுவை நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இரும்புச்சத்து, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின், பி12, ஃபோலிக் அமிலம் நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் சிகிச்சைக்கே அவர்களுக்குத் தேவைப்பட்ட ரத்தம் குறைந்தது. 2019-ல் வெளியான முடிவு இது.

எல்லா ஆய்வுகளும் இப்படிப் பூரிக்க வைக்கவில்லை. பெரிய வயிற்று அறுவைகளுக்கு முன் இரும்புச்சத்து ஊசி போட்டு பிரிட்டனில் நடத்திய சோதனை 2020-ல் வெளியானது. ஹீமோகுளோபின் உயர்ந்தது, டிஸ்சார்ஜ் ஆனவர்கள் மீண்டும் அட்மிட் ஆவதும் குறைந்தது. ஆனால், ஏற்றிய ரத்தத்தின் அளவு குறையவில்லை. ஊசி ஒன்றே மந்திரம் செய்யாது, முழு ஏற்பாடும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதுதான் அது சொல்லும் பாடம்.

தியேட்டருக்குள் ஒவ்வொரு சொட்டும்

அந்த முழு ஏற்பாட்டில் மிக மலிவான ஆயுதம் ஜப்பானிலிருந்து வந்தது. போருக்குப் பிந்தைய வறுமையில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் கணவர் ஷோசுகேயும் ரத்தத்தை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். காரணம், பணமில்லாவிட்டாலும் சொந்த ரத்தத்தையே எடுத்துச் சோதிக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காதபோது, முதுகில் கட்டிக்கொண்டே ஆய்வகத்தில் வேலை செய்தவர் உடாகோ. பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் பெண்கள் சாவதைத் தடுப்பதே அவரது கனவு. உறைந்த ரத்தக்கட்டி சீக்கிரமே கரைந்துபோகாமல் பிடித்துவைக்கும் ‘ட்ரனெக்ஸாமிக் அமிலம்’ 1962-ல் அவர்கள் கையிலிருந்து வெளிவந்தது. பிரசவத்தில் அதைச் சோதித்துப் பார்க்க அன்றைய மருத்துவர்கள் முன்வரவில்லை.

உலகம் விழித்துக்கொள்ள அரை நூற்றாண்டு ஆனது. 40 நாடுகளில் விபத்தில் அடிபட்ட 20,211 பேரிடம் நடந்த ‘க்ராஷ்-2’ ஆய்வு (2010), இந்த மருந்து இறப்பைக் குறைக்கிறது என்று நிரூபித்தது. பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்ட 20,060 பெண்களிடம் நடந்த ‘வுமன்’ ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதைப் பார்க்க உடாகோ இல்லை; முந்தைய ஆண்டுதான், 98 வயதில் காலமானார். 2022-ல் வெளியான ‘பாய்ஸ்-3’ ஆய்வு, இதயம் அல்லாத அறுவைகளுக்குப் போன 9,535 பேரில் பெரிய ரத்தக்கசிவை இந்த மருந்து 11.7 சதவிகிதத்திலிருந்து 9.1 சதவிகிதமாகக் குறைத்ததைக் காட்டியது. அதிக உதிரப்போக்குக்கு நம் மருந்துக்கடைகளில் விற்கும் அதே மருந்துதான் இது. ரத்தக்கட்டி, வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்குக் கவனம் தேவை என்பதால், யாருக்குக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு வழிக்கு மருந்துகூட வேண்டாம், வெதுவெதுப்பு போதும். தியேட்டர் குளிரில் நோயாளியின் உடல் வெப்பம் ஒரு டிகிரிக்கும் குறைவாக இறங்கினாலே ரத்த இழப்பு சுமார் 16 சதவிகிதம் கூடும், ரத்தம் ஏற்ற வேண்டிய வாய்ப்பு சுமார் 22 சதவிகிதம் கூடும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2008-ம் ஆண்டின் அலசல் சொல்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் நொதிகளும் தட்டணுக்களும் குளிரில் மந்தமாகிவிடுகின்றன. சூடான காற்று ஊதும் போர்வையும், வெதுவெதுப்பாக்கிய டிரிப்ஸும் ரத்தம் காக்கும் கருவிகள்தான்.

அதிக ரத்தம் போகும் என்று முன்பே தெரிந்த இதயம், முதுகெலும்பு போன்ற ஆபரேஷன்களில் ‘செல் சேவர்’ என்ற இயந்திரம் நோயாளியின் பக்கத்தில் நிற்கும். டாக்டர் உறிஞ்சி எடுக்கும் ரத்தம், உறைந்துபோகாமல் இருக்க ஹெப்பாரின் கலந்து ஒரு தொட்டிக்குள் விழுகிறது. அங்கிருந்து கிண்ணம் போன்ற ஒரு பாத்திரத்துக்குள் போய், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று வேகத்தில் சுழல்கிறது. கனமான சிவப்பணுக்கள் சுவரில் ஒதுங்க, மேலே நிற்கும் கலங்கலான நீர் வெளியேறுகிறது. உப்புநீர் உள்ளே வந்து அலசுகிறது. வெளியேறும் நீர் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, தெளிந்த பிறகு, கெட்டியான சிவப்பணுக்கள் மட்டும் ஒரு பையில் நிறைகின்றன. அது அதே நோயாளியின் நரம்புக்குத் திரும்பிப் போகிறது. கிராஸ் மேட்ச் வேண்டாம். அடுத்தவரின் தொற்று வரும் பயமும் இல்லை. ஒவ்வொருவருக்கும் புதிதாக மாட்டும் குழாய்த் தொகுப்புக்குச் செலவு இருப்பதால் சிறிய மருத்துவமனைகளில் இதைப் பார்ப்பது அரிது.

இவற்றுக்கெல்லாம் மேலே, அறுவை நிபுணரின் கை. சிறிய ரத்தக்குழாயையும் விடாமல் கட்டுவதும், காட்டரி வைத்துச் சுட்டு அடைப்பதும், லேப்ராஸ்கோப்பி முடிகிற இடத்தில் வயிற்றைக் கிழிக்காமல் இருப்பதும், ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று முன்பே திட்டமிடுவதும் சேர்ந்து மிச்சப்படுத்தும் ரத்தம் ஏராளம்.

வார்டில் கசியும் ரத்தம்

தையல் போட்டு முடித்த பிறகும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும், இந்த முறை டெஸ்ட் குழாய்களுக்குள். ஐரோப்பியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்றில், பரிசோதனைக்காக மட்டும் ஒரு நோயாளியிடம் நாளொன்றுக்குச் சராசரியாக 41 மி.லி. எடுத்தது தெரிந்தது. ஒரு வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள்: சுமார் 290 மி.லி. நம் ஊரில் ஒரு டோனரிடம் எடுக்கும் பையில் முக்கால் பங்குக்கு மேல்! கனடாவின் 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சிறிய அளவு ரத்தம் எடுக்கும் குழாய்களைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பரிசோதனைத் தரம் குறையவில்லை. 2023-ல் வெளியான அந்த ஆய்வின் ஒரு கணக்கீட்டின்படி, 100 நோயாளிகளுக்குச் சுமார் 10 யூனிட் ரத்தம் மிச்சமானது.

ஏற்றியே ஆக வேண்டும் என்ற நிலையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ரத்தப்போக்கு நின்று நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஒரு யூனிட் ஏற்றி, அவரைப் பரிசோதித்து, தேவை இருந்தால்தான் அடுத்தது. ‘ரெண்டு யூனிட்’ என்று மொத்தமாக எழுதும் பழக்கத்தை விடுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

பெட்டிச் செய்தி: ஆறே ஆண்டில் ஆஸ்திரேலியா

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2008-ல் இதை அரசுத் திட்டமாகவே தொடங்கியது. நான்கு பெரிய மருத்துவமனைகள், ஆறு ஆண்டுகள், 6,05,046 நோயாளிகள். 2017-ல் வெளியான முடிவுகள்:

• அட்மிஷனுக்கு ஏற்றிய ரத்தப் பொருட்களின் அளவு 41% குறைந்தது.
• மருத்துவமனை இறப்பு 28%, மருத்துவமனையில் தொற்றும் கிருமிகள் 21%, மாரடைப்பு மற்றும் பக்கவாதம் 31% குறைந்தன.
• ரத்தசோகையோடு ஆபரேஷனுக்கு வந்தவர்கள் 20.8 சதவிகிதத்திலிருந்து 14.4 சதவிகிதமாகக் குறைந்தார்கள்.
• ஒரே யூனிட் ஏற்றுவது 33.3 சதவிகிதத்திலிருந்து 63.7 சதவிகிதமானது.
• ரத்தப் பொருட்களின் விலையில் மட்டும் மிச்சம் 1.85 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

(அதே காலத்தில் மற்ற மருத்துவ முன்னேற்றங்களும் நடந்தன. எனவே பெருமை முழுவதும் இந்தத் திட்டத்துக்கு மட்டுமே உரியதல்ல.)

எங்கே கை வைக்கக் கூடாது?

இதைப் படித்துவிட்டு, ‘ரத்தமே வேண்டாம்’ என்று யாரும் கையெழுத்துப் போட மறுத்துவிடக் கூடாது. விபத்தில் ரத்தம் கொட்டும்போது, பிரசவத்தில் உதிரம் நிற்காதபோது, நிமிடங்களில் ரத்தம் ஏற வேண்டும். அங்கே தயக்கம் உயிரைக் குடிக்கும்.

இதயத்துக்கும் மூளைக்கும் தனி நியாயம் உண்டு. மாரடைப்போடு ரத்தசோகையும் இருந்த 3,504 பேரிடம் நடந்த ‘மிண்ட்’ ஆய்வில் (2023), குறைவாக ஏற்றப்பட்டவர்களில் 16.9 சதவிகிதம் பேருக்கு மரணமோ மறு மாரடைப்போ நேர்ந்தது. தாராளமாக ஏற்றப்பட்டவர்களில் 14.5 சதவிகிதம். புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் இல்லாவிட்டாலும், மருத்துவர்கள் இதை அலட்சியம் செய்வதில்லை. கடுமையான மூளைக் காயங்களிலும் சற்றுக் கூடுதல் ஹீமோகுளோபின் நல்லது என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே, வெறும் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல் எதிரே படுத்திருக்கும் மனிதரைப் பார்த்து முடிவெடுப்பதே சரியான மருத்துவம். ஏற்றுவதற்கும் இது பொருந்தும், ஏற்றாமல் விடுவதற்கும் பொருந்தும்.

பெண்கள் தலையில் விழும் இரட்டைச் சுமை

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அக்கறை வேண்டியதன் காரணம், தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) இருக்கிறது. 15 முதல் 49 வயதுவரை உள்ள நம் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் அது 57 சதவிகிதம். தமிழ்நாட்டு ஆண்களில் 15.2 சதவிகிதம்.

இந்த எண்ணை ரத்த வங்கியின் வாசலில் வைத்துப் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ரத்தசோகை என்று சொல்வது 12 கிராமுக்குக் கீழே. தானம் கொடுக்கவோ 12.5 வேண்டும். ஹீமோகுளோபின் ஒன்றை வைத்தே பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த வாசலில் திருப்பி அனுப்பப்படுவார்கள். அதே பெண்கள்தான் சிசேரியனுக்கும் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கும் குறைந்த ஹீமோகுளோபினோடு வருகிறார்கள். ரத்தம் அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்கு, கொடுக்க முடியாமல் போவதும் அவர்களாலேயே. வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு, மிச்சம் மீதியில் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் வாழ்க்கையின் விலையை ஆபரேஷன் மேஜையில் கட்டுகிறார்கள்.

சொந்தபந்தம் இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். திருப்பூரிலும் சென்னையிலும் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளிக்கு நள்ளிரவில் டோனருக்கு எங்கே போவது? ரத்தத்தை விற்கும் தொழில்முறை டோனர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைத் தொடர்ந்து 1998 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும், உறவினர்தான் ஆள் கொண்டுவர வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்வரை, புரோக்கர்களுக்கு இருட்டில் வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். தேவையைக் குறைப்பதுதான் அந்த வியாபாரத்தின் வேரில் கை வைக்கும் வழி.

தேவை குறைந்தால் மிச்சமாகும் யூனிட்டுக்கு ஆள் காத்திருக்கிறார்கள். தலசீமியா குழந்தைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் வேண்டும், வாழ்நாள் முழுவதும். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு மாற்று வழி கிடையாது. கல்லூரிகள் மூடும் கோடை விடுமுறையில் முகாம்கள் குறைந்து ரத்த வங்கி வறண்டுபோகும்போது முதலில் தவிப்பவர்கள் இவர்கள்தான். எனவே தானம் கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் கொடுத்தது, வேறு வழியே இல்லாதவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

பெட்டிச் செய்தி: ஆபரேஷன் தேதி கொடுத்ததும் டாக்டரிடம் கேளுங்கள்

1. என் ஹீமோகுளோபின் எவ்வளவு? இப்போதே பார்த்துவிடலாமா?
2. குறைவாக இருந்தால் காரணம் என்ன? ஃபெரிட்டின் பார்க்க வேண்டுமா?
3. மாத்திரை போதுமா, இரும்புச்சத்து ஊசி வேண்டுமா? அதற்காகத் தேதியைத் தள்ளிவைக்கலாமா?
4. நான் சாப்பிடும் ஆஸ்பிரின், ரத்தத்தை இளக்கும் மாத்திரை, வலி மாத்திரை எதை, எப்போது நிறுத்துவது? (இதய ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாகவே எதையும் நிறுத்தக் கூடாது.)
5. ட்ரனெக்ஸாமிக் அமிலம் எனக்குப் பொருந்துமா?
6. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், ஒவ்வொரு யூனிட்டாகப் பார்த்து ஏற்றலாமா?

அரசு செய்ய வேண்டியது

மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவரால், ஒவ்வொரு நோயாளியின் ஹீமோகுளோபினையும் வாரக்கணக்கில் பின்தொடர முடியாது. அதை ஓர் அமைப்பு செய்ய வேண்டும்.

ஆபரேஷன் பட்டியலில் பெயர் ஏறும் நாளிலேயே ஹீமோகுளோபின் பரிசோதனை கட்டாயமாக வேண்டும். குறைவாக இருப்பவரின் பெயர் அவரது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஊசியோ மாத்திரையோ அங்கேயே கிடைக்க வேண்டும். அவசரமில்லாத ஆபரேஷனை, ரத்தசோகை சரியாகும்வரை தள்ளிவைப்பது அலைக்கழிப்பாகப் பார்க்கப்படாமல் சிகிச்சையின் பகுதியாக மாற வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் அறுவைத் தொகுப்புகளில், அறுவைக்கு முந்தைய இரும்புச்சத்துச் சிகிச்சைக்குத் தெளிவான இடம் வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த ஆபரேஷனுக்கு, எவ்வளவு ஹீமோகுளோபினில், எத்தனை யூனிட் ஏற்றியது என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியா ஜெயித்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

தாய் சேய் நலத்தில் இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. கிராமத்துச் செவிலியர் வரை நீளும் சுகாதாரக் கட்டமைப்பு இருக்கிறது. மருந்து இருக்கிறது, ஊசி போடத் தெரிந்த கைகள் இருக்கின்றன. கர்ப்பிணிக்குச் செய்வதை அறுவைக்குக் காத்திருப்பவருக்கும் செய்ய, சுகாதாரத் துறையின் ஓர் ஆணையும் அதைக் கண்காணிக்க ஒரு குழுவும் போதும். கடைசி இரவில் குடும்பங்களை ரத்தத்துக்காகத் தெருவில் ஓடவிடுவதைவிட அது மலிவு, பாதுகாப்பு, கண்ணியம். இதைத் தொடங்க இன்னும் ஓர் ஆண்டுகூடக் காத்திருக்கத் தேவையில்லை.